வாசல் வேம்புக்கு வயது ஐம்பது

புனேயிலிருந்து கிளம்பும் லோனாவ்ளா லோக்கல், சிஞ்ச்வட், ஆகுர்டி நிலையங்களைத் தாண்டியதும் ஜன்னல் காட்சி மாறுகிறது. அடுக்குமாடிகள் கொஞ்சம் பின்தங்க, ராணுவ வளாகங்களின் நீண்ட மதில்கள் தொடங்குகின்றன. மதிலுக்கு உள்ளே ஆலும் புளியும் வேம்பும் தூங்குமூஞ்சியும். யாரும் அடுக்குமாடி கட்ட முடியாத நிலத்தில் மரங்களுக்கு ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது.

தேஹு ரோடு நிலையத்தில் இறங்குகிறவர்களை இரண்டாகப் பிரிக்கலாம். துக்காராம் மகராஜ் பிறந்த தேஹுவுக்குப் போக வண்டி தேடுகிறவர்கள்; அந்த ஊருக்குப் போகும் சாலையின் பெயரையே தங்கள் ஊர்ப் பெயராகக் கொண்டுவிட்ட உள்ளூர்க்காரர்கள். இரண்டாவது கூட்டத்தில் தமிழ் தாராளமாகக் காதில் விழுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கே ராணுவத் தளவாடக் கிடங்கு எழும்பியபோதும் அதற்குப் பிறகும், வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். மூன்று தலைமுறை ஆகிவிட்டது. புள்ளிவிவரம் தேவையில்லை, கடைவீதியில் பத்து நிமிடம் நின்றால் போதும். மராத்தியில் தொடங்கி, இந்தியில் பேரம் பேசி, தமிழில் சலித்துக்கொள்கிறார்கள்.

ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1954 டிசம்பர் 25 அன்று டாக்டர் அம்பேத்கர் இங்குள்ள விகாரையில் புத்தர் சிலையை நிறுவினார். நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு அவர் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபரில். அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே தேஹு ரோடு அந்த வரலாற்றில் இடம் பிடித்துவிட்டது.

நான் வந்தது இதற்கெல்லாம் அல்ல. ஒரு வேப்பமரத்தைப் பற்றிய ஆங்கில அறிக்கையைத் தமிழில் படித்துச் சொல்ல.

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். மொழிபெயர்ப்பு என் தொழில். ஆனால் இப்படி ஒரு வேலை இதுவரை வந்ததில்லை. நண்பரின் தாயாருக்கு எண்பது வயது. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் டெப்போவில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. கண்டோன்மெண்ட் எல்லைக்கு அப்பால், பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் வரும் கிவளே பக்கத்தில் ஒரு மனை வாங்கி, 1975-ல் வீடு கட்டத் தொடங்கிய அன்று வாசலில் அவர் ஒரு வேப்பங்கன்று நட்டாராம். அதைத்தான் வெட்டுவதா, விடுவதா என்று இப்போது வீட்டில் வழக்கு. மகன் பணம் கொடுத்து மரங்களைப் பரிசோதிக்கும் நிபுணர் ஒருவரை வரவழைத்தார். அவர் நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மகனுக்கு நன்றாக ஆங்கிலம் தெரியும். அம்மாவுக்குத்தான் மகன் படித்துச் சொல்வதில் நம்பிக்கை இல்லை.

“அவன் வெட்டணும்னு முடிவு பண்ணிட்டுப் படிக்கிறான் தம்பி. அவனுக்கு வேணும்கற வரிதான் அவன் கண்ணுல படுது. நீங்க படிங்க. ஒண்ணு விடாம படிங்க” என்றார் அம்மா.

மே மாதக் கடைசி வாரம். தரையெல்லாம் மஞ்சளாக வேப்பம்பழம் உதிர்ந்து கிடந்தது. அடிமரத்தில் போன ஆடிக்குக் கட்டிய மஞ்சள் துணி வெளுத்துப்போய்த் தொங்கியது. மரத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு சாய்ப்பு. அதன் கீழே ஒரு கயிற்றுக் கட்டில். அம்மாவின் மத்தியானத் தூக்கம் அங்கேதான். கட்டிலில் உட்கார்ந்துதான் அறிக்கையைப் பிரித்தேன்.

முதல் பக்கத்திலேயே ஒரு சொல் தடுக்கியது. மரத்தின் எடையோ கிளையோ விழக்கூடிய இடத்தில் இருக்கும் மனிதர், வீடு, வண்டி எல்லாவற்றுக்கும் அந்தத் துறையில் ‘டார்கெட்’ என்று பெயர். இலக்கு என்று நேராகச் சொல்லிவிடலாம். ஆனால் அறிக்கை இலக்கு என்று குறித்திருந்தது நான் உட்கார்ந்திருந்த அதே கட்டிலை. சற்றுத் தயங்கி, “மரம் விழுந்தால் முதலில் படுவது இந்தக் கட்டில்தான் என்று எழுதியிருக்கிறார்” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மகன், “அதைத்தானே ஸார் ஒரு வருஷமா நானும் சொல்றேன்” என்றார்.

அவருடைய பயத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2023 ஏப்ரல் 9 அன்று அகோலா மாவட்டத்துப் பாரஸ் கிராமத்தில், மழைக்குக் கோயில் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கி நின்ற பக்தர்கள் மீது பெரிய மரம் ஒன்று சாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அதுவும் வேம்புதான், அதுவும் தகரக் கூரைதான். அதற்கு முந்தைய வருடம் ஜூலையில் சண்டிகரில் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் அரசமரம் சாய்ந்து மாணவி ஒருத்தி உயிரிழந்தாள். சுமார் 250 வயது என்று சொல்லப்பட்ட அந்த மரம் பாரம்பரிய மரமாக அறிவிக்கப்பட்டு, பெயர்ப்பலகையோடு நின்ற மரம். பலகை வைப்பதும் பராமரிப்பதும் ஒன்றல்ல என்று நாடு தெரிந்துகொண்ட நாள் அது. இந்தச் செய்திகளெல்லாம் மகனின் கைபேசியில் பத்திரமாக இருக்கின்றன. போன மழைக்காலத்தில் இதே வேம்பின் கிளை ஒன்று முறிந்து பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் விழுந்திருக்கிறது. யாருக்கும் காயமில்லை, பேச்சுவார்த்தைதான் நின்றுவிட்டது.

வேம்புக்கு ஐம்பது என்பது உண்மையில் ஒரு வயதே அல்ல. நூறு, நூற்றைம்பது வருடம் நின்ற வேம்புகள் நம் ஊர்களில் சகஜம். அப்படியானால் இந்த மரம் ஏன் இதற்குள் கிழடு தட்டியது? அறிக்கையின் இரண்டாம் பக்கம் அதைச் சொல்கிறது. படித்துக்கொண்டு போகப் போக அது ஒரு மரத்தின் வரலாறாக இல்லாமல் ஒரு வீட்டின் வரலாறாகத் தெரிந்தது.

2012-ல் வாசலுக்குச் சிமெண்ட் போட்டார்கள். ஸ்கூட்டர் நிறுத்த வேண்டும், மழைக்காலத்தில் சேறு ஆகக் கூடாது. சிமெண்ட் அடிமரத்தைத் தொடும் வரை போடப்பட்டது. மரத்தைச் சுற்றி ஒரு கைப்பிடி மண்கூட விடவில்லை. 2016-ல் கழிவுநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். மேற்குப் பக்கத்துத் தடித்த வேர்கள் இரண்டு வெட்டுப்பட்டன. 2019-ல் பக்கத்து வீட்டார் இலைக் குப்பை பற்றி முறையிட, ஒரு கான்ட்ராக்டர் வந்து மரத்தின் தலையை மொட்டையாக வெட்டிவிட்டுப் போனார். பாரம் குறைத்துவிட்டேன் என்று சொல்லிப் பணமும் வாங்கிக்கொண்டார்.

இந்த மூன்றும் அன்றைக்கு நியாயமாகப்பட்ட காரியங்கள். செய்த அன்று மரம் ஒன்றும் காட்டிக்கொள்ளாது. அதன் கணக்கு மெதுவான கணக்கு. இன்றைக்கு வேரை வெட்டினால் ஐந்தாறு வருடம் கழித்து உச்சிக் கிளை காயும். அதற்குள் வெட்டியவனுக்கே அது மறந்திருக்கும்.

வேர் ஆழமாகப் போகிறது என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆணிவேர் கன்றுப் பருவத்துச் சமாசாரம். வளர்ந்த மரத்துக்குச் சாப்பாடு போடும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் முதல் ஒன்றரை, இரண்டு அடிக்குள்தான் படர்கின்றன. பக்கவாட்டில் கிளைகளின் நிழலையும் தாண்டிப் போகின்றன. அந்த மண்ணுக்குத் தண்ணீர் மட்டுமல்ல, காற்றும் வேண்டும். சிமெண்ட் இரண்டையும் அடைத்துவிடுகிறது. ‘மண் அணைத்தால் மரத்துக்குப் பலம்’ என்று அடிமரத்தில் இரண்டடி மண் கொட்டுவதும் அதே கேட்டைத்தான் செய்யும். 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி மரங்களைப் பற்றி இட்ட உத்தரவில், அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. அந்த ஒரு மீட்டர்கூட ஒரு சமரசம்தான். நகரங்களின் நடைபாதைகளைப் பார்த்தால் அந்தச் சமரசமே இன்னும் எத்தனையோ மரங்களுக்கு எட்டவில்லை என்பது தெரியும்.

தலையை மொட்டையடிப்பதன் விளைவு இன்னும் மோசம். வெட்டிய இடத்துக்குக் கீழே துடைப்பம்போல் ஒரு கொத்துக் கிளைகள் வேகமாகக் கிளம்பும். பார்க்கிறவர்கள் மரம் செழித்துவிட்டது என்பார்கள். இயல்பாக முளைக்கும் கிளை மரத்தின் உள்ளிருந்து வருடா வருடம் பின்னிப் பிணைந்து வளர்ந்தது. இந்தக் கிளைகளோ மேலே ஒட்டவைத்ததுபோல் நிற்பவை. அவை பருக்கப் பருக்க, வெட்டுவாய் உள்ளுக்குள் உளுத்துக்கொண்டே போகும். ஒரு காற்றில் கழன்று விழும். பக்கத்து வீட்டு ஓட்டில் விழுந்தது அப்படிப்பட்ட ஒன்று. பாரம் குறைக்க வெட்டினார்கள்; ஐந்து வருடத்தில் அந்த வெட்டுதான் கிளையாகி விழுந்தது.

மூன்றாம் பக்கத்தில்தான் கெட்ட செய்தி. அடிமரத்தின் வடக்குப் பக்கத்தில், சிமெண்டும் பட்டையும் சேரும் இடத்தில், காது மடல்போல் ஒரு பழுப்புக் காளான் ஒட்டியிருக்கிறது. மேற்புறம் வார்னிஷ் அடித்தாற்போல் பளபளப்பு. கேனோடெர்மா. பெயர் புதிதாக இருந்தாலும் தமிழ்நாட்டுத் தென்னைக்காரர்களுக்கு இது பழைய எதிரி. 1952-ல் தஞ்சைப் பகுதியில் தென்னையில் கண்டறியப்பட்டு, தஞ்சாவூர் வாடல் என்று பெயர் வாங்கியதும் இந்த இனத்துக் காளானால் வருவதுதான். மரத்தில் இது தெரிய வந்துவிட்டால் வேரிலும் அடிமரத்திலும் உளுப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள். வெளியே தெரிவது காய் மாதிரி. செடி உள்ளே இருக்கிறது. காளானைப் பிய்த்து எறிவதால் ஒன்றும் ஆகாது.

இந்த இடத்தில் மகன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னும் ஒரு பக்கம் இருக்கு இல்ல தம்பி?” என்றார்.

இருந்தது. அதற்குள் போகும் முன் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அந்தத் தெருவிலேயே, நகரத்துத் தோட்டங்களில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மராத்தி மாளி இருக்கிறார். எல்லோருக்கும் அவர் காகா. கூப்பிட்டதும் ஒரு மரச்சுத்தியலோடு வந்தார். அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, தவில்காரர் பதம் பார்ப்பதுபோல் தட்டிக் கேட்டார். வடக்கே ஒரு முழ அகலத்துக்குச் சத்தம் பொக்கையாக வந்தது. மற்ற பக்கமெல்லாம் கெட்டி. இப்போது ஒலி அலைகளை அனுப்பி மரத்தின் உட்புறத்தைப் படமெடுக்கும் கருவிகள் உண்டு; மெல்லிய ஊசியைச் செலுத்தி உளுப்பை அளக்கும் கருவிகளும் உண்டு. சுத்தியலும் நாற்பது வருடத்துக் காதும் மலிவு.

உள்ளே பொக்கை என்றால் மரம் போய்விட்டது என்று அர்த்தமில்லை என்றார் காகா. அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. மரத்தின் உயிர் பட்டைக்கு அடியில் இருக்கும் வெளி வளையங்களில். நடுவில் இருப்பது பெரும்பாலும் எப்போதோ செத்த கட்டை. இரும்புக் கம்பியைவிடக் குழாய் லேசாக இருந்தாலும் பலமாகத்தானே நிற்கிறது? வெளிச் சுவரின் தடிமன், ஆரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் பொறுக்கலாம் என்பது கிளாஸ் மாத்தெக் என்ற ஜெர்மானிய அறிஞரின் ஆய்விலிருந்து வந்த நாட்டு வழக்கு மாதிரியான ஒரு கணக்கு. ஒரு பக்கம் திறந்துகொண்ட பொந்துக்கு அது அப்படியே பொருந்தாது. வேர் உளுத்திருந்தால் அடிமரம் எவ்வளவு கெட்டியாக இருந்தும் பிரயோசனமில்லை.

பொந்தைச் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. காகா தலையில் கைவைத்துக்கொண்டார். இது அமெரிக்காவில் ஜான் டேவி என்பவர் 1901-ல் மர வைத்தியம் பற்றிப் புத்தகம் எழுதிய காலத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவிய வழக்கம். பல் அடைப்பதுபோல் மரப் பொந்தை அடைத்தார்கள். காற்றில் மரம் வளையும், சிமெண்ட் வளையாது. இடுக்கில் தண்ணீர் தங்கி உளுப்பு இன்னும் வேகமாகப் பரவும். வெட்டுக்காயத்தில் தார் பூசுவதும் இதே ரகம். அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, 1970-களில் இந்த நம்பிக்கைகளைக் கலைத்தார். மனிதர்களைப்போல் மரத்துக்குப் புண் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புது மரம் வளர்த்துக்கொள்கிறது என்பது அவர் கண்டது. ஆகவே கிளையை வெட்டும்போது அடிமரத்தோடு ஒட்டவும் வெட்டக் கூடாது, முண்டாக விடவும் கூடாது. கிளை தொடங்கும் இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அந்தச் சுவர் எழும்புவது அங்கேதான். அதைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். கனத்த கிளையானால் முதலில் சற்றுத் தள்ளி அடியில் பாதி அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கிவிட்டு, கடைசியில் கழுத்தருகே ஒரு சுத்தமான வெட்டு. இல்லாவிட்டால் விழும் கிளை பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். காகாவுக்கு ஷைகோவின் பெயர் தெரியாது. மூன்று வெட்டு தெரியும்.

மத்தியான வெயிலில் மேலே படிக்க முடியவில்லை. நண்பரின் வண்டியில் தேஹுவுக்குக் கிளம்பினோம். ஆறேழு கிலோமீட்டர்தான்.

இந்திராயணிக் கரையில் இருக்கும் தேஹுவில் எல்லோரும் பார்க்கப்போவது ஒரு மரத்தை. நாந்துர்கி என்கிறார்கள், அத்திக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். துக்காராம் 1650-ல் உடலோடு வைகுண்டம் போனதாக வார்க்கரிகள் நம்புவது இந்த மரத்தடியிலிருந்துதான். பங்குனித் தேய்பிறைத் துவிதியை அன்று, துக்காராம் பீஜ் நாளில், நடுப்பகல் 12 மணி 2 நிமிடத்துக்கு மரம் ஒருமுறை சிலிர்க்கும் என்பது ஐதீகம். லட்சம் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு பூக்களை எறிகிறார்கள். நான் போனது மே மாதம். சிலிர்ப்பு ஒன்றும் இல்லை. நல்ல நிழல் இருந்தது. மரங்களும் கொடிகளும் நமக்கு உறவுக்காரர்கள் என்று பாடியவர் துக்காராம். மகாராஷ்டிரத்தில் மரம் நடும் எந்த விழாவும் அந்த அபங்கம் இல்லாமல் நடப்பதில்லை. தமிழ் படித்தவனுக்கு உடனே நற்றிணையின் 172-வது பாட்டு நினைவுக்கு வரும். விளையாட்டாகப் புதைத்த புன்னை விதை முளைத்து மரமாக, அது உனக்குத் தங்கை முறை என்று தாய் மகளிடம் சொல்லி வைக்கிறாள். அதன் நிழலில் காதலனோடு பேசப் பெண்ணுக்குக் கூச்சம். உறவு என்று சொல்லிவிட்டால் சங்கடங்களும் சேர்ந்தே வருகின்றன. கிவளே வீட்டில் நடப்பதும் அதுதானே?

ஆளந்தி இன்னும் பொருத்தமான கதையைக் கையில் வைத்திருக்கிறது. ஞானேஸ்வர் 1296-ல் சமாதியான இடத்தில் அஜான விருட்சம் என்று ஒரு மரம் உண்டு. அதன் நிழலில் உட்கார்ந்து இன்றும் ஞானேஸ்வரி பாராயணம் செய்கிறார்கள். சுமார் 300 வருடம் கழித்து பைட்டணில் இருந்த ஏக்நாதரின் கனவில் ஞானேஸ்வர் வந்து, மரத்தின் வேர் என் கழுத்தை நெருக்குகிறது, வந்து விலக்கு என்றாராம். ஏக்நாதர் ஆளந்திக்கு வந்து வேரை விலக்கினார். மறந்துகிடந்த சமாதியும் புதுப்பிக்கப்பட்டது. கதையை எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம். வேருக்கும் கட்டடத்துக்கும் இடையில் வந்த முதல் வழக்காக எனக்குப் படுகிறது. கழுத்தை நெருக்கிய மரத்தை வெட்டு என்று ஞானேஸ்வர் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கிழட்டு மரத்துக்கு வைத்தியம் செய்து பிழைக்க வைத்த உதாரணங்கள் நாட்டில் இல்லாமலில்லை. ஹௌராவில் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்துக்கு அடிமரமே கிடையாது. 19-ம் நூற்றாண்டின் புயல்களில் காயம்பட்டு, காளான் பிடித்த நடுமரத்தை 1925-ல் அறுத்து எடுத்துவிட்டார்கள். விழுதுகளின் மீதே அது இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. சென்னை அடையாறு ஆலமரத்தின் நடுமரம் 1989-ல் காற்றில் சாய்ந்தது. விழுதுகள் குடும்பத்தைக் காப்பாற்றின. தெலங்கானாவின் மகபூப்நகரில், 700 வயது என்று சொல்லப்படும் பில்லலமர்ரி ஆலமரத்தைக் கரையான் அரித்தபோது, 2018-ல் நூற்றுக்கணக்கான சலைன் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டுப் பூச்சிமருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்த அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ஆனால் இவையெல்லாம் ஆல். விழுது விடாத வேம்புக்கு இருப்பது ஒரே கால்.

மாலை திரும்பியபோது அம்மா காபி வைத்திருந்தார். நாலாம் பக்கத்தைப் பிரித்தேன்.

வெட்ட வேண்டும் என்று அறிக்கை சொல்லவில்லை. வெட்ட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடிமரத்தைச் சுற்றி முடிந்தவரை அகலமாகச் சிமெண்டைப் பெயர்த்து எடுக்க வேண்டும். கடப்பாறை வேரில் படக் கூடாது. மண்ணைக் கொத்தக் கூடாது. காய்ந்த இலையை மூன்று நான்கு அங்குலம் பரப்பி, அடிமரத்தை மட்டும் தொடாமல் விட வேண்டும். துடைப்பக் கிளைகளை ஒரேயடியாக வெட்டாமல் இரண்டு மூன்று வருடத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எந்த வருடமும் மொத்தப் பசுமையில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது, நொந்த மரத்துக்கு அதிலும் குறைவு. தகரச் சாய்ப்பை உடனே பிரித்துவிட வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, அடுத்த கோடையில் ஒருமுறை பரிசோதனை. காளான் வேறு பக்கங்களிலும் தலைகாட்டினாலோ, மரம் புதிதாகச் சாயத் தொடங்கினாலோ, அடியில் மண் வெடித்தாலோ அப்போது எடுத்துவிட வேண்டும்.

மகன் படித்துச் சொன்னது இந்தக் கடைசி வாக்கியத்தை. அம்மா ஞாபகம் வைத்திருந்தது முதல் வாக்கியத்தை. இருவருமே பொய் சொல்லவில்லை.

“ஓவர்மெச்யூர்னு ஒரு வார்த்தை போட்டிருக்காரே ஸார், அதையும் சொல்லுங்க” என்றார் மகன். அதற்கு நல்ல தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. முதிர்ச்சி கடந்தது என்றால் ஏதோ வைவதுபோல் இருக்கிறது. வனத்துறையில் மரத்தை வெட்டி விற்கிறவர்கள் கண்டுபிடித்த சொல் அது. இனிமேல் வைத்திருந்தால் கட்டைக்கு விலை குறையும் என்று அர்த்தம். வீட்டு வாசலில் நிற்கும் மரத்துக்கு அது பொருந்தாது என்று நினைக்கிறேன். “வயசாகிவிட்டது” என்று சொன்னேன். அம்மா தலையசைத்தார்.

வெட்டுவது என்று முடிவெடுத்தாலும் நினைத்த மாத்திரத்தில் நடக்காது. இந்த வேம்பு நடப்பட்ட அதே 1975-ல் மகாராஷ்டிரம் நகர்ப்புற மரங்களுக்காக ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. கர்நாடகம் 1976-லும் டெல்லி 1994-லும் இதே வழியில் வந்தன. 2021-ல் மகாராஷ்டிரச் சட்டத்தில் ஒரு திருத்தம்: ஐம்பது வயதானால் அது பாரம்பரிய மரம். வெட்ட அனுமதி கிடைத்தால், மரத்துக்கு எத்தனை வயதோ அத்தனை கன்று நட்டு ஏழு வருடம் காப்பாற்றிக் காட்ட வேண்டும். அதாவது இந்த வாசலில் இருந்து ஒரு வேம்பு போனால் எங்காவது ஐம்பது கன்று. எங்கே நடுவது? மாநகராட்சியின் தோட்டத் துறைக்கு மனு, நேரில் வந்து பார்வை, மரத்திலேயே அறிவிப்பு ஒட்டி ஆட்சேபம் கேட்பது என்று வரிசையாக இருக்கிறது. கிளை கழிக்கவும் அனுமதி வேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம் கண்டோன்மெண்டில் நிலைமை வேறு. அங்கே தனியார் வளாகத்தில் நிற்கும் முதிர்ந்த மரத்தை வெட்டச் சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கவே போர்டுக்கு அதிகாரம் உண்டு. கண்டோன்மெண்டை மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சு சில வருடங்களாக நடக்கிறது. மரங்கள் எந்தச் சட்டத்துக்குள் வரும் என்பதைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை.

சட்டம் வெட்டுவதைத்தான் கவனிக்கிறது. சிமெண்ட் பூசுவதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. ஆணி அடிப்பதற்கும் கேட்பதில்லை; அடித்த ஆணிகளைப் பிடுங்குவதற்கென்றே 2018-ல் புனேயில் தன்னார்வலர்கள் ஓர் இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. இந்த வேம்பிலும் துணி காயப்போடும் கம்பிக்காக மூன்று ஆணிகள் இருந்தன. இரண்டைப் பட்டை ஏற்கெனவே விழுங்கிவிட்டது.

மறுநாள் காலை நான் ஊர் திரும்பும் முன் ஒரு எட்டு போய்ப் பார்த்தேன். மகன் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கடப்பாறை கேட்டு வாங்கி வந்திருந்தார். ஒரு வருடமாகப் பேச்சில்லாத வீடு. காகா அடிமரத்திலிருந்து நான்கடி தள்ளிச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். தகரங்கள் பிரித்துச் சுவரோரம் சாய்க்கப்பட்டிருந்தன. கட்டிலை மட்டும் அம்மா நகர்த்த விடவில்லை. மழை தொடங்கும் வரைக்குமாவது கிடக்கட்டும், அப்புறம் உள்ளே போட்டுக்கொள்கிறேன் என்று பேரம். இல்லை, இன்றைக்கே என்றார் மகன். அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி அந்த நிபுணரை வரவழைப்பதாகவும், அவர் எழுதுவதை நான்தான் வந்து படிக்க வேண்டும் என்றும் மட்டும் இருவருக்கும் உடன்பாடு.

முதல் சில்லு பெயர்ந்தபோது அடியில் மண் சாம்பலாக, ஈரமே இல்லாமல் இருந்தது. காகா அதை விரலால் நெருடி முகர்ந்து பார்த்தார். பிறகு விரல் தடிமன் வேர் ஒன்றைக் காட்டினார். சிமெண்டின் அடிப்பக்கத்தை ஒட்டியபடியே, ஒரு விரிசலைத் தேடிக்கொண்டு, அது வாசற்படி வரை போயிருந்தது.